கப்பல் சரீபின் இரண்டு சொல்

பாதிரியார் காரை விட்டு இறங்கியதும் முகைதீன்பாவாவின் தேநீர்க்கடை மொத்தமாக எழும்பியது. இடுப்பை வளைத்து, வலது கையை நிலத்தை நோக்கி நீட்டி, ஒரே குரலில் முழங்கியது.

“சாக்கமே!”

காத்தான்குடியில் ஸ்பானிய பாஷை அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

வளர்த்தவன் கப்பல் சரீப். வெள்ளைக்காரனின் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவன். ஸ்பானியாவில் சண்டை நடந்தபோது அங்கே ஒரு துறைமுகத்தில் ஒரேயொரு பின்னேரம் இறங்கி நடந்தவன். ஊர் வாயில் அந்தப் பின்னேரம் வருசக்கணக்காக நீண்டுவிட்டது.

அவனிடம் இருந்தது இரண்டே சொல். வரும்போது ‘சாக்கமே’. போகும்போது ‘எஸ்பேரமே’.

இரண்டிலும் வாலில் தொங்கும் ‘மே’ என்பது ‘என்னை’. அந்தப் பாஷையில் ‘என்னை’ தனியாக நிற்காது, வினையைப் பிடித்துத் தொங்கும், பிடுங்க ஏலாது. இவ்வளவும் கப்பல் சமையல்காரன் சொன்னது. அவன் மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தபோது சரீப் எழும்பிப் போய்விட்டான்.

முதல் சொல்லை யார் சொன்னாலும் சரீபின் உடம்பு குனியும், கை கீழே போகும். இரண்டாவதைக் கேட்டால் திரும்பிப் பாராமல் வேகமாக நடப்பான். இரண்டும் ஸ்பானிய மரியாதை என்று ஊர் எடுத்துக்கொண்டது.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு உசனாருக்குத்தான் பொறுக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு பாஷை, கரி அள்ளியவனுக்குத் தெரிவதா? அசல் ஸ்பானியப் பாதிரியார் ஒருவர் இந்தியாவில் இருந்து மட்டக்களப்புக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டார். தன் காரிலேயே ஏற்றி, கல்லடிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

பாதிரியார் பதில் முகமன் சொல்லவில்லை. நீண்டிருந்த கைகளையே பார்த்தபடி வெளிறிப்போய் நின்றார்.

“பாருங்க மச்சான்மாரே, பாதருக்கே விளங்கல்ல! இது எந்தச் சைத்தான்ட பாசையோ?” என்றார் உசனார், துருக்கித் தொப்பிக் குஞ்சம் துள்ள.

பாதிரியார் சரீபை வாவியோரம் அழைத்துப் போனார். அவருக்கு வந்தது புத்தகத் தமிழ்.

“இதை உமக்குச் சொன்னவர் யார்?”

“முகம் காணல்ல பாதர். குண்டு விழுந்த வீடு. கல்லுக்குள்ள இரிந்து கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருந்திச்சி.”

“சாக்கமே என்றால்...”

“என்னை வெளிய எடு. அத ஒருத்தரும் சொல்லித் தரத் தேவல்ல. புடிச்சி இழுத்தன், வரல்ல. கப்பல் ஊதிச்சி.”

சரீப் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, ஊருக்கெல்லாம் தானே பொருள் சொல்லிவைத்த மற்றச் சொல்லை மெல்ல எடுத்து வைத்தான்.

“நான் எழும்பக்குள்ள எஸ்பேரமே எண்டிச்சி. போயிட்டு வா எண்டுதானே பாதர்?”

பொய் சொல்ல அனுமதி இருந்திருந்தால் பாதிரியார் அன்று சொல்லியிருப்பார். சரீபின் தோளில் கையை வைத்தார்.

“எனக்காகக் காத்திரு. அதுதான் அதன் பொருள்” என்றார்.

கடைக்கு எதுவும் கேட்கவில்லை. தோளில் கை விழுந்தது மட்டும் தெரிந்தது. சரீப் சோதினை பாஸ்.

“நொத்தாரிசரே, ஒரு பிளேண்டி குடிங்க, சூடு ஆறட்டும்!” என்றார் முகைதீன்பாவா. உசனார் குடிக்கவில்லை. பாதிரியாரை ஏற்றிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகக் காரைக் கிளப்பினார்.

புறப்பட்ட காரைப் பார்த்துக் கடை முழங்கியது. “எஸ்பேரமே!”

சரீப் நடக்கவில்லை. வாவியோரம் அப்படியே உட்கார்ந்தான்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எழும்பவில்லை. பாதிரியாரே தோளில் தட்டிய பிறகு அவனுக்கு இனித் தலைக்கனம்தான் என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

“என்ன சரீபு, தேத்தண்ணி ஆறுது. வாறியா இல்லியா?”

“இரிங்க காக்கா” என்றான் சரீப், ஈர மணலில் ஊன்றிய கையை எடுக்காமல். “இன்னும் வரல்ல.”