முதல் முங்கு

பெட்டி கடலில் விழுந்ததும், “ஐயோ, என் மட்டை!” என்று கத்தியது மட்டும்தான் காசிலிங்கம் அண்ணாச்சிக்கு நினைவிருந்தது.

மயக்கம் தெளிந்து பார்த்தால் தோணியில் படுத்திருக்கிறார். யாரோ கோணியைப் போர்த்திவிட்டிருந்தார்கள். பக்கத்தில் மட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

எல்லாம் கோல்ஃப் மட்டைகள். சீமையில் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் கையில் பிடித்து ஆடியவை. உலகச் சண்டை முடிந்து ஊருக்குக் கிளம்பிய கொழும்புத் துரைமாரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியவை. அண்ணாச்சிக்குப் பந்தை நேராக அடிக்கத் தெரியாது. அது வேறு விஷயம்.

தூத்துக்குடி வந்து, பெட்டியைக் கரையில் இறக்கும்போது கயிறு நழுவிவிட்டது.

மரியான் முங்கி முங்கி எடுத்துக்கொண்டிருந்தான். முத்துக் குளித்தவன். முத்துக்குளிப்பு நின்றுபோய், இப்போது தோணியில் மூட்டை தூக்குகிறான்.

வந்த மட்டையையெல்லாம் அண்ணாச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நல்லாயிருப்படே” என்று அழுதார்.

மேலே ஏறி வந்த மரியான் மட்டைகளை மூன்று பங்காகப் பிரித்தான். முத்துக்குளிப்பில் அதுதான் முறை. இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒன்று முங்கியவனுக்கு. இங்கே சர்க்கார் அண்ணாச்சிதான்.

தோணிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோல்ஃப் மட்டையை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்வான், மீனை அடிப்பானா?

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பங்குகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கோப்பை ஜெயித்தவனின் மட்டையைக் காணோம். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் கொழும்புக்கே போனது.

“முதல் முங்குல எடுத்தது பங்குல சேராது, அண்ணாச்சி. அது மாதாவுக்கு” என்றான் மரியான்.

அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு பங்கையும் நீயே வச்சுக்கோடே. கோயிலுக்கு வெள்ளி விளக்கு வாங்கி வைக்கேன். அதை மட்டும் குடுத்துரு.”

தோணியில் சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்த மட்டை ஆப்படலை அண்ணாச்சி. கீழ சேத்துலதான் கிடக்கு. முதல்ல எடுத்தது உங்களை. நீச்சல் தெரியாம பெட்டிக்குப் பின்னாலேயே குதிச்சிட்டிய.”

அண்ணாச்சி கோணியை விலக்கிப் பார்த்தார். வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மரியான் மறுபடி விளிம்பில் போய் நின்று மூச்சை இழுத்தான்.

“இன்னொரு முங்கு பாக்கட்டா?”

“வேண்டாம்யா, போதும். மாதா கோயில் கதவைச் சாத்துறதுக்குள்ள என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துரு.”