வியாழக்கிழமைச் சண்டை

"காலையிலேருந்து உட்கார்ந்திருக்கே, ஒரு வரியைக் காணோம். நீயெல்லாம் ஒரு எழுத்தாளர்!"

மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு எழுத்தும் இல்லாத கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து மாப்பிள்ளை இப்படிச் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

வக்கீல் அவளுடைய அண்ணன். வெளியூரில் விவாகரத்து வழக்குகளில் பேர் போனவர். ஒரு வழக்கு விஷயமாக வந்தவர், தங்கை வீட்டில் தங்கியிருந்தார். தங்கை பத்திரிகைகளுக்கு எழுதுகிறவள். பேய்க்கதையா, காதல் கதையா, நகைச்சுவையா, எதைக் கேட்டாலும் தட்டாமல் எழுதிக் கொடுப்பாள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை என்று நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார்கள்.

நம்பினதற்கு நல்ல பலன்!

"சட்டையில பட்டன் இல்லை. மேஜை மேல ஒரு முழம் தூசி. இந்த லட்சணத்துல ஊரைச் சிரிக்க வைக்கிறாளாம்!" என்று மாப்பிள்ளை மேலும் எகிறினார். போதாததற்கு டிவி சத்தத்தையும் கூட்டினார்.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா?"

"என் வீட்டுல நான் ஏன் சும்மா இருக்கணும்?"

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் பட்டதெல்லாம் போதும்!"

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவள், கதவை அறைந்து சாத்தினாள்.

வக்கீலுக்கு ரத்தம் கொதித்தது. விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பைத் தயாராக வைத்திருக்கிற ஆசாமி அவர். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்பிள்ளை, உங்களை மாதிரி எத்தனையோ பேரைக் கோர்ட்டுல பார்த்தவன் நான். பொண்டாட்டியை நாலு பேருக்குத் தெரிஞ்சுட்டா பொறுக்காதே உங்களுக்கெல்லாம்! சாயங்காலம் கிளம்பறப்ப அவளையும் கூட்டிட்டுப் போறேன். மிச்சத்தைக் கோர்ட்டுல பேசிக்கலாம்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்க மச்சான்! அவ காதுல விழுந்தா எல்லாம் கெட்டுப்போயிடும்."

"என்ன கெட்டுப்போயிடும்?"

"நகைச்சுவை!"

"என்னது?"

"வியாழக்கிழமையானா நகைச்சுவைப் பக்கம் கொடுக்கணும். அவளுக்குக் கோபம் வந்தாதான் நகைச்சுவை வரும். டிவி பேட்டியில அவளே சொன்னாளே, நீங்க பார்க்கலையா?"

"அதுக்காக இப்படித் திட்டுவீங்களா?"

"வேற யார் இருக்கா கோபப்படுத்த? பேய்க்கதைக்குக் கும்மிருட்டு வேணுமாம். மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, கரண்ட் போச்சுன்னு சொல்லிடுவேன். காதல் கதைக்குப் பிரிவு வேணுமாம். கடையில வேலை இருக்குன்னு பொய் சொல்லிட்டு அங்கேயே பெஞ்சுல படுத்துக்குவேன். கொசு பிடுங்கி எடுக்கும், அதுகூடப் பரவாயில்லை. இந்தத் திட்டறதுதான் மச்சான் எனக்குச் சுத்தமா வரமாட்டேங்குது. முந்தின நாளே யோசிச்சு மனப்பாடம் பண்ணிக்க வேண்டியிருக்கு."

வக்கீல் மாப்பிள்ளையின் கையை விட்டார்.

"எனக்கு ஒரு வரி ஒழுங்கா எழுத வராது மச்சான். அவ எழுத்துக்கு என்னாலான ஒத்தாசை இவ்வளவுதான். தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க. நடிப்புன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் கோபமே வராது அவளுக்கு."

மாப்பிள்ளை நல்லவர்தான், சரி. ஆனால் விஷயம் தெரியாமல் உள்ளே அழுதுகொண்டிருப்பாளே தங்கை! வக்கீலுக்கு மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் அறைக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்ச் சாத்தினார்.

தங்கை கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, நிதானமாக ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"எழுதலையா நீ?"

"அது விடியற்காலையிலேயே எழுதி அனுப்பியாச்சே. பேயோ காதலோ, இவர் எழுந்திருக்கறதுக்குள்ள எழுதினாதான் உண்டு."

"அப்போ கோபம் வந்தாதான் நகைச்சுவை வரும்னு பேட்டியில சொன்னது?"

"உங்களுக்குக் கற்பனை எங்கேயிருந்து வருதுன்னு கேட்டாங்கண்ணா. பொழுது விடிஞ்சதும் உட்கார்ந்து எழுதுவேன்னு சொன்னா எவன் மதிப்பான்? வாய்க்கு வந்ததைச் சொல்லி வெச்சேன். இந்த மனுஷன் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டார்."

"எல்லாம் தெரிஞ்சுதான் சண்டை போட்டியா?"

"நேத்து குளிக்கிற ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு, 'நீயெல்லாம் ஒரு எழுத்தாளர்'னு சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தார். ஒரு தடவைகூடக் கோபமா வரலை, பாவம். வெளியில நின்னுக்கிட்டு நான் சிரிப்புச் சத்தம் கேட்டுடாம வாயைப் பொத்திக்கிட்டேன்."

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே? அந்த ஆளைக் கொசுக்கடியில படுக்க வைக்கிறியே!"

தங்கையின் சிரிப்பு நின்றது.

"எப்படிண்ணா சொல்றது? பத்திரிகை வந்ததும் வாசல்லயே நின்னு படிப்பார். படிச்சு முடிச்சுட்டு, தானே பாதி எழுதின மாதிரி ஒரு பார்வை பார்ப்பார் என்னை. நீங்க ஒண்ணுமே பண்ணலைங்கன்னு அவர்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?"

சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வக்கீல் வெளியே வந்தார்.

மாப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு கூடத்தில் காத்திருந்தார்.

"என்ன மச்சான், எழுதறாளா? கோபம் போதுமாமா?"

எத்தனையோ ஜோடிகளைப் பிரித்துவைத்த வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாதிதான் வந்திருக்கு மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் நல்லாத் திட்டுங்க!"