தெற்குக் காற்று

படகு திரும்பவில்லை.

மலைச்சரிவின் கடைசித் திட்டில், அத்திமரத்தடியில் நின்று ஸ்தானியா பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஸ்கதார் ஏரி முழுக்க வெள்ளை நுரை. குடாவின் நடுவே கறுப்பாக ஒரு கீறல் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

அது அவளுடைய படகு. அதில் இருந்தவள் நேதா.

பக்கத்தில் நேதாவின் புருஷன் ரதோயே நின்றான். காலில் செருப்பு இல்லை. படகு தடுமாறுவதைக் கண்டதும் கீழே ஓடி, இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கியிருந்தான். நீச்சல் தெரியாது. திரும்ப மேலே ஓடிவந்துவிட்டான். காற்சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் நிக்ஷிச் நகரத்திலிருந்து வாடகைக்குத் தங்க வந்து நாலு நாளாகிறது. ஸ்தானியாவின் பண்ணையில் கரண்ட் கிடையாது. கக்கூஸ் என்றால் பலகை போட்ட ஒரு குழி. தண்ணீருக்கு நூறு படி இறங்கி ஊற்றுக்குப் போக வேண்டும். ஆடுகூடப் படுக்காத கல்லில் பட்டணத்துக்காரர்கள் ஆசைப்பட்டு வந்து கூடாரம் போடுகிறார்கள் என்று ஊரில் ஸ்தானியாவைக் கேலி செய்வார்கள்.

ரதோயேவுக்கு வந்த அன்றே இடம் பிடித்துப்போனது. சுத்துவட்டாரத்தில் ஆளே இல்லை, இதுதான் வேண்டும் என்றான்.

இன்று காலையில் ஏரி எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. காற்று வராது என்று சொன்னது ஸ்தானியாதான். நாற்பது வருஷமாக இந்தத் தண்ணீரைப் பார்க்கிறவள் சொன்ன சொல்லை நம்பி நேதா துடுப்பை எடுத்தாள்.

ரதோயே தாமதமாகத்தான் எழுந்து வந்தான். வலையைத் தூக்கிவர நான்தான் அனுப்பினேன், சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவாள் என்று ஸ்தானியா அவனிடம் சொல்லிவைத்தாள்.

பத்து மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து தெற்குக் காற்று இறங்கியது.

தட்டையான அடிப்பாகம் கொண்ட படகு அது. அமைதியான தண்ணீரில் வலை தூக்கத்தான் ஆகும். அலை பக்கவாட்டில் அடித்தால் கவிழ்த்துவிடும். பண்ணையில் வேறு படகு இல்லை. காரில் குடாவைச் சுற்றிப் போக இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் அந்தக் கீறலிலிருந்து கண்ணை எடுக்க ரதோயேவுக்குத் துணிவில்லை.

நேதாவின் போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"போலீஸ் படகு இருக்கும்ல அக்கா? கூப்பிடுங்க."

ஆட்டுக்கொட்டகைச் சுவர்மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஸ்தானியா ஏறினாள். அந்த எண் அவளிடம் இருந்தது. விரல் இரண்டு முறை அதன்மேல் போனது. இரண்டு முறையும் எடுத்துக்கொண்டாள்.

குடாவுக்கு அந்தப் பக்கம், தார்ச்சாலை ஓரத்தில் குடியிருக்கும் தம்பி வாசோவைத்தான் கூப்பிட்டாள். அவள் பேசியதைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இறங்கிவந்து, இந்தக் காற்றில் யாரும் படகை எடுக்க மாட்டார்கள், தம்பி அந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பார்ப்பதைத் தவிர.

ரதோயே கத்தினான். பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். அது அவன் காலடியைத் தாண்டிப் போயிருக்காது. ஸ்தானியா மூன்று விரலைக் குவித்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். துடுப்பைப் போடு, போடு, படகின் முகத்தை அலைக்குக் காட்டு என்று உதட்டுக்குள்ளேயே சொன்னாள். அந்தப் பெண் செத்தால் அது என் தலையில்தான் என்று நினைத்தாள். அத்திமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் மழை வந்தது. குடாவை யாரோ துணியால் மூடியது போல இருந்தது. கீறல் இல்லை. ஏரியே இல்லை.

ரதோயே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நேத்து நான்தான் கோவப்பட்டேன்," என்றான். "அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன் அக்கா?"

நடிப்பில்லை அது. இந்த வயதில் ஒரு ஆண்பிள்ளை இப்படித் தேம்பி அழுது அவள் பார்த்ததில்லை.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. ஸ்தானியா மறுபடி கொட்டகைச் சுவர்மேல் ஏறினாள். மழை ஈரத்தில் வழுக்கி போன் ஒருமுறை காலடியில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். வாசோ எழுதியிருந்தான்.

'வந்துட்டா. தொப்பலா நனைஞ்சிருக்கா, வேற ஒண்ணுமில்ல. மூணு மணி பஸ்ல நானே ஏத்திவிடறேன்.'

சுவர்மேலேயே உட்கார்ந்து மூச்சு விட்டாள். அந்தச் செய்தியை அழித்துவிட்டு, போனை ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ரதோயே முகத்தைத் தூக்கிப் பார்த்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய்வரை வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணும் தெரியல தம்பி."

அவன் அவள் தோளில் சாய்ந்து உடைந்து அழுதான். ஸ்தானியா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நேற்று ஊற்றடியில் நேதாவின் முதுகையும் இப்படித்தான் தடவிக்கொடுத்தாள். அந்த முதுகில், நோகாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கையை வைக்க வேண்டியிருந்தது.