அவன் பக்கத் தலையணை

"இது கிருமிக்குள்ள ஆர்.என்.ஏ. உருவாகறதை மட்டும் தடுக்கும். நம்ம செல்லைத் தொடாது," என்று காசநோய் மாத்திரையைத் தன் கணவனிடம் நீட்டினாள் மருந்துக்கடைக்காரி. "கண்ணீர்கூட ஆரஞ்சு நிறமா வரும், பயந்துடாதீங்க."

"நான் அழுது நீ எப்போ பாத்திருக்கே?" என்று சிரித்தான். கல்லுளிமங்கன், பெற்ற தாய் செத்தபோதும் கண் கலங்காதவன்.

போன மாதம் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். மிச்ச மாத்திரைகளை அவளே குப்பையில் கொட்டினாள். தலையணைகளுக்குப் புது உறை மாட்டினாள்.

இன்று காலை அவற்றைத் துவைக்க உருவினாள். இரவெல்லாம் அழுது தீர்த்த அவளுடைய உறையில் வெறும் ஈரம், நிறமே இல்லை. யாரும் தலை வைக்காத அவன் தலையணையைத் திருப்பினாள். கன்னம் படும் இடத்தில் ஆரஞ்சுக் கறை.

தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.