கழுவாத பக்கம்

"கழட்டுற பழைய சாமானை எங்கிட்ட கொடுத்துரணும் அண்ணாச்சி. போல்ட்டோட."

எல்லப்பன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இன்னா தம்பி, புதுசா கேக்குறே? மூணு வருசமா எங்கிட்டதான் சர்வீசுக்கு வுடுறே. ஒரு தபா கேட்டதில்லியே. எவனாவது எதனா சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

நம்பிராஜன் ஷெட் வாசலிலேயே நின்றான். ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கார் ஜாக்கியில் ஏறி நின்றது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் வலது முன்சக்கரத்தில் டொக் டொக் என்று சத்தம். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் தேய்ந்துவிட்டது என்றார் எல்லப்பன்.

"மாத்தாம ஓட்ட முடியாதா?"

"ஓட்டலாம். ஹைவேஸ்ல சக்கரம் ஒரு பக்கம் போவும், நீ ஒரு பக்கம் போவே."

"அப்ப மாத்திருங்க. பழசு எனக்கு வேணும்."

"எதுக்கு, கொழம்பு வைக்கவா? புதுசு போட்டேனா, பழசையே தொடச்சி மாட்டினேனான்னு பாக்கணும். அதானே?"

நம்பிராஜன் ஜாக்கியில் நின்ற சக்கரத்தைப் பார்த்தான்.

"தங்கச்சி வர்லியா?"

"வரல."

"ஷிப்ட்டா? அது கூட வந்திருந்தா உன்ன இப்டி கேக்க வுட்டிருக்குமா? செகண்ட் ஹேண்ட்ல இந்த வண்டிய பாக்க வந்தீங்களே, ஞாபகம் கீதுல்ல? எல்லாரும் இஞ்சினைப் பாப்பான், பெயிண்ட்டைப் பாப்பான். அது நேரா அடியில பூந்துச்சு. டார்ச் அடிச்சி சுத்திச் சுத்திப் பாத்துது. வெளிய வந்து ஒரே சிரிப்பு. 'இதான் வேணும்'னு நின்னுச்சு. அப்புறம் ஒவ்வொரு சர்வீசுக்கும் அதே கூத்து. இன்னாதான் பாக்கும்?"

"அவளத்தான் கேக்கணும்."

"சரி, போய் டீ குடிச்சிட்டு வா. எந்தலைமேல நிக்காதே."

எதிரே அதே டீக்கடை. நைட் ஷிப்ட் முடிந்து அவன் மனைவி வேல்விழி கார் கம்பெனி யூனிபார்மோடு இங்கேதான் பஸ்ஸிலிருந்து இறங்குவாள். டீயை ஆற்றிக்கொண்டே ஷெட்டைப் பார்ப்பாள். ஆயில் மாற்ற ஒரு வாரம் தள்ளினாலும் திட்டுவாள். "வண்டி வாயத் தொறந்து கேக்காதுல்லா? நாமதான் பாக்கணும்."

டீ ஆறிப்போயிருந்தது. வைத்துவிட்டுத் திரும்பினான்.

எல்லப்பன் ஒரு பேப்பர் பொட்டலத்தை நீட்டினார். முகத்தில் இன்னும் கோபம்.

"பிரிச்சிப் பாரு. ஒரு பொட்டு அழுக்கு இல்லாம மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, பிரஷ் வச்சித் தேச்சிக் கீறேன். எங்க தேஞ்சிதுன்னு கண்ணால பாத்துக்கோ. எல்லப்பன் எவனையும் ஏமாத்தினது இல்ல."

நம்பிராஜன் பிரித்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். தலைகள் எல்லாம் பெயிண்ட் துளிகூட இல்லாமல் பளபளத்தன.

"இன்னா, திருப்தியா?"

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு காரின் இடது பக்கம் போனான். தரையில் படுத்து அடியில் தலையை நுழைத்தான்.

"இந்தப் பக்கம் இன்னும் எத்தன நாள் தாங்கும் அண்ணாச்சி?"

"பள்ளம் மேடு பாத்து ஓட்டினா நாலஞ்சு வருசம் தாங்கும்."

"அதுவரைக்கும் இதக் கழுவிராதீங்க."

"சேத்தோடவா வுட சொல்றே? தங்கச்சி பாத்தா என்னதான் திட்டும்."

"திட்ட மாட்டா." டார்ச்சை இறக்காமல் சொன்னான். "அவ இப்ப இல்ல அண்ணாச்சி. தையில தவறிட்டா."

எல்லப்பன் கிட்டே வந்தார். பிறகு அவரும் குனிந்து, அவன் டார்ச் அடித்த இடத்தைப் பார்த்தார்.

நம்பிராஜன் விரலால் சேற்றை மெல்ல ஒதுக்கினான். போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு. முடுக்கியாயிற்று என்று கம்பெனி லைனில் போடும் அடையாளம். எல்லாரும் நேர்கோடு போடுவார்கள். "கோலமா போடுற?" என்று சூப்பர்வைசர் திட்டத் திட்ட, கோட்டின் முனையில் ஒரு சுழி வைக்கிறவள் ஒரகடத்தில் ஒருத்திதான் இருந்தாள்.