ஓதம்

படம் வரைந்தே பிழைத்துக்கொள்வதாகச் சொல்லி ஆவுடை வீட்டைவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. இன்று அவளுடைய ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர், அவளுக்கு முகம் கொடுக்காமல் ஒவ்வொரு படமாகக் கடந்துபோய், சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருந்த பெரிய படத்தின்முன் நின்றுவிட்டார். அதைச் சிலர் மேகம் என்றார்கள், சிலர் தீவு என்றார்கள். அவர் விரலை நீட்டி, தொடாமலே, அதன் ஓரத்தைக் காற்றில் வரைந்தார். அவள் படுத்துறங்கிய அறையின் சுவரில் மழைக்காலந்தோறும் ஊறிப் படரும் ஓதம் அது. வருஷா வருஷம் அதை வெள்ளையடித்து மறைத்தவர் அவர்தான். ஆவுடை தயங்கித் தயங்கி அருகில் போனாள்.

"இந்த மழைக்கும் வந்திருக்கும்மா," என்றார், படத்திலிருந்து கண்ணெடுக்காமல். "ஜன்னல் வரைக்கும் போயிருக்கு. வெள்ளையடிக்காம வச்சிருக்கேன்."