சனிக்கிழமை அப்டேட்

கிளவுடில் வாடகைக்கு எடுத்திருந்த கணினிகளைச் சனிக்கிழமைதோறும் அப்டேட் செய்வது, செர்பியாவின் நோவி சாத் நகரத்து அலுவலகம் ஒன்றில் ஸ்லாவ்கோவின் வேலை. உண்மையில் அது பத்து நிமிட வேலைதான். அதை முடித்துவிட்டு டான்யூப் கரையில் தூண்டில் போட உட்கார்ந்துவிடுவான். மனைவியிடம் "நாள் பூரா வேலை" என்று சொல்லி, மாமியார் வீட்டில் சட்னிக்காகக் குடைமிளகாய் சுட்டு உரிப்பதிலிருந்து ஆறு வருடமாகத் தப்பித்து வந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கிளவுட் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் முதல் அப்டேட் தானாகவே நடக்கும், ஆள் தேவையில்லை. பழைய முறையே வேண்டும் என்பவர்கள் இன்றைக்குள் எழுதிக் கேட்கலாம்.

சிறிது நேரத்தில் முதலாளி டிஹோமிர் அவனைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். சனிக்கிழமையோடு வேலையும் போயிற்று என்று ஸ்லாவ்கோ நினைத்துக்கொண்டான்.

"மெயிலைப் பாத்தியா?"

"பாத்தேன் பாஸ். ஆனா அதை நம்பி விட முடியாது. பக்கத்துல ஒரு ஆள் இருந்தே ஆகணும்."

"நாள் பூராவா?"

"நாள் பூராத்தான்" என்றான் கூசாமல்.

"அப்ப பழைய முறையே வேணும்னு உடனே எழுதிப் போடு. நான் கையெழுத்துப் போடறேன்."

ஸ்லாவ்கோவால் நம்ப முடியவில்லை. "ரொம்ப நன்றி பாஸ்."

"நன்றியெல்லாம் இருக்கட்டும்." டிஹோமிர் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்டாட்டி எப்பவாவது கேட்டா, சனிக்கிழமை பூரா நானும் உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்னு சொல்லிடு. ஆறு வருஷமா வீட்டுல அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."